ஏல விளம்பரத்தில் நான் தாண்டிப் போன ஒரு வரி

எங்கள் வீட்டில் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்போம். அப்பா தபால் துறையில் இருந்தவர். குறுக்கெழுத்தை முடிக்காமல் காபி டம்ளரைக் கீழே வைக்க மாட்டார். 'எட்டேகால் லட்சணம்' என்று யாராவது யாரையாவது திட்டினால் அது என்ன திட்டு என்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். தமிழ் எண்ணில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ', ஆக அவலட்சணம். இப்படி வளர்ந்தவளுக்கு, எழுத்தில் இருக்கும் எதையும் பிரித்து மேய்ந்துவிடலாம் என்று ஒரு மிதப்பு இருக்கத்தானே செய்யும். அந்த மிதப்போடுதான் 2023 மார்ச்சில் பெரம்பூர் வீடு ஒன்றின் வங்கி ஏல விளம்பரத்தைப் படித்தேன். படித்தேன் என்று சொல்வதே தப்பு, பார்த்தேன். அதற்கு நான் கொடுத்த விலை 6,80,700 ரூபாயும் 17 மாதமும். வீட்டின் விலை தனி.

கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நானும் மகனும் அயனாவரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம், மாதம் 14,000. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு வாங்க வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம், விலை எங்களைவிட வேகமாக ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் டியூஷனுக்குப் போயிருந்தான். பேப்பரில் கால் பக்கத்துக்கு, பூதக்கண்ணாடி கேட்கும் பொடி எழுத்தில் ஒரு விளம்பரம். அதில் தெளிவாகத் தெரிந்தவை மூன்றே விஷயங்கள்: பெரம்பூர், 720 சதுர அடி, 41,60,000. சுற்றுவட்டாரத்தில் அதே அளவு வீட்டுக்கு 55 லட்சத்துக்குக் குறைந்து யாரும் பேசவில்லை. மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மீதி எல்லாம் எனக்கு அலங்காரமாகத்தான் தெரிந்தது.

அந்த அலங்காரத்தை இப்போது சொல்கிறேன். சர்ஃபேசி சட்டம் 2002 (கடன் நின்றால் அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்), பிரிவு 13(2), பிரிவு 13(4), விதி 8(6), விதி 9(1) என்று ஒரு எண் ஊர்வலம். பிறகு 'அடையாளச் சுவாதீனம்'. பிறகு சொத்து விவரம்: ஆர்.எஸ். எண் (மறு சர்வே எண்), பிளாக் எண், வடக்கே இன்னார் மனை, கிழக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுச்சந்து. அந்த இன்னார்கள் எல்லாம் என் தாத்தா காலத்துப் பெயர்கள், இன்று யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. பிறகு 'எங்கு உள்ளதோ அங்கேயே, எப்படி உள்ளதோ அப்படியே, என்ன உள்ளதோ அதுவே' என்று சித்தர் பாட்டு மாதிரி ஒரு வரி. சத்தியமாகச் சிரித்தேன், அலுவலகத் தோழிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கடைசியில், 'வில்லங்கம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், 'வங்கிக்குத் தெரிந்தவரை இல்லை, எஸ்.ஏ. எண்' என்று ஆரம்பித்து ஒரு எண், ஒரு சாய்கோடு, 2022. அதை வங்கியின் கோப்பு எண் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் குழூஉக்குறி என்று படித்திருப்போம். ஒரு தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உதாரணம் கொடுப்பார்கள். வங்கி ஏல விளம்பரம் முழுக்க முழுக்க அப்படிப்பட்ட சொற்களால் ஆனது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குறுக்கெழுத்து போடுபவர், நாம் கொஞ்சம் திணறி, கடைசியில் விடை கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போடுகிறார். ஏல விளம்பரம் எழுதுபவருக்கு அந்த ஆசை கிடையாது. அது வாங்குபவருக்காக எழுதப்படுவதே இல்லை. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் 'இதோ, அன்றே அச்சில் சொல்லிவிட்டோமே' என்று எடுத்துக் காட்டுவதற்காக எழுதப்படுவது. அதனால் அதில் பொய் இருக்காது. எல்லா உண்மையும் இருக்கும், புரியாத மாதிரி இருக்கும். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தெருவில் 41-ஆம் எண்ணைத் தேடினேன். விளம்பரத்தில் 'கதவு எண் 41' என்று இருந்தது. இளமஞ்சள் பெயிண்ட், கீழே கார் நிறுத்த இடம், வாசலில் செம்பருத்தி. பார்த்ததுமே நம் வீடு என்று தோன்றிவிட்டது. வெளியிலிருந்தே இரண்டு போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். அவருக்கும் பிடித்திருந்தது. விளம்பரத்தில் சொத்தைப் பார்வையிட ஒரு தேதியும் நேரமும் கொடுத்திருந்தார்கள். அது வேலை நாள், அன்று எங்கள் அலுவலகத்தில் ஆடிட்டர் வருகிறார். வெளியே பார்த்துவிட்டோமே, போதும் என்று விட்டுவிட்டேன்.

முன்பணமாக 4,16,000 கட்டி, ஆன்லைனில் பதிவு செய்து, மார்ச் 23-ஆம் தேதி மதியம் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே ஏலத்தில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. குறைந்தபட்ச விலைக்கு மேல் ஒரு படி, 25,000 ஏற்றிக் கேட்டேன். 41,85,000. யாரும் எதிரில் வரவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் நீங்கள்தான் வென்றீர்கள் என்று திரையில் வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். ஒருவர் மட்டும், வயதானவர், ஸ்டோர்ஸ் பிரிவில் இருப்பவர், மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு சீப்பா இருந்தா வேற யாருமே ஏன் கேக்கல?" பொறாமை என்று நினைத்தேன். அவர் கேட்டதுதான் அந்த முழு விவகாரத்திலேயே புத்தியுள்ள ஒரே கேள்வி.

அந்தக் கேள்விக்கான பதில் விளம்பரத்திலேயே இருந்தது, தேதிகளின் வடிவத்தில். விளம்பரம் வந்தது மார்ச் 5, ஏலம் மார்ச் 23. நடுவில் 18 நாள். விதி 9(1) சொல்வது, ஒரு சொத்தின் முதல் ஏலத்துக்கு விளம்பரம் வந்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் இடைவெளி விட வேண்டும். அந்த ஏலம் போணியாகாமல் மறுபடி நடத்தினால் 15 நாள் போதும். ஆக, 30 நாளுக்குக் குறைந்த இடைவெளியைப் பார்த்தால் ஏற்கெனவே ஒரு தடவையாவது இந்த வீட்டை ஏலம் விட்டு யாரும் வாங்கவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். பிறகு விசாரித்ததில் என் வீடு மூன்றாவது தடவையாக வந்தது. பழைய ஏல அறிவிப்புகளை இணையத்தில் தேடினாலே கிடைக்கும். விலை 52-இலிருந்து 46 ஆகி, 41-க்கு இறங்கியிருந்தது. இப்போதெல்லாம் ஏல விளம்பரம் என்றால் விலையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்ப்பதுதான் என் முதல் வேலை.

மறுநாளைக்குள் கால் பங்கு கட்டியாக வேண்டும். முன்பணம் போக 6,30,250. சேமிப்பிலிருந்து கட்டிவிட்டேன். மீதி 31,38,750, ஏலம் உறுதியான நாளிலிருந்து 15 நாளில். வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. எனக்குச் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு, ஏல ஆவணங்கள் எல்லாம் ஒரு பைலில் போட்டு, கொஞ்சம் பெருமையாகவே போனேன். கடன் பிரிவில் இருந்த பெண் இரண்டு பக்கம் புரட்டினார். "மேடம், பொசஷன் என்ன, ஃபிசிகலா சிம்பாலிக்கா?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவரே விளம்பரத்தில் 'அடையாளச் சுவாதீனம்' என்ற இடத்தில் பேனா முனையை வைத்தார். "இதுக்கு நாங்க லோன் பண்ண மாட்டோம் மேடம். வீடு இன்னும் பேங்க் கைக்கே வரலையே."

அடையாளச் சுவாதீனம் என்றால், வங்கி அந்த வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் போட்டு, 'இது இப்போது எங்களுடையது' என்று சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். சாவி வங்கியிடம் இல்லை. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவு எண்களை இப்படிப் படிக்க வேண்டும்: 90 நாளுக்கு மேல் தவணை நின்று கடன் வாராக்கடன் ஆன பிறகு, 60 நாளில் முழுத்தொகையையும் கட்டு என்று வங்கி அனுப்புவது 13(2). கட்டாவிட்டால் சொத்தைச் சுவாதீனம் எடுப்பது 13(4). உள்ளே இருப்பவர் வெளியேற மறுத்தால், தலைமைப் பெருநகர நடுவரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுப்போட்டு, போலீஸ் துணையோடு எடுப்பது பிரிவு 14. விளம்பரத்தில் 13(4) மட்டும் இருந்து 14 இல்லை என்றால் சண்டை இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. நான் வாங்கியது வீட்டை இல்லை, அந்தப் பாதிச் சண்டையை.

அந்தச் சனிக்கிழமை அழுதுகொண்டே ஸ்கூட்டி ஓட்டினேன் என்று சொன்னால் நம்புங்கள். இளமஞ்சள் வீட்டு வாசலில் போய் நின்றேன். எதிரே இஸ்திரி வண்டி. அவரிடம் இந்த வீட்டில் கடன் பிரச்சினை இருக்கிற குடும்பம் எந்த மாடி என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இங்க யாருக்கும் கடன் இல்லியேம்மா. நீ சொல்றது பழைய நாப்பத்தொண்ணு. அது புது நம்பர் பத்தொன்பது, அதோ தண்ணி லாரி நிக்குதே, அந்த வீடு." சென்னையில் பிறந்து வளர்ந்தவள் நான். இந்த ஊரில் ஒவ்வொரு வாசலுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வங்கி, சொத்து விவரத்தை இன்றைய தெருவைப் பார்த்து எழுதுவதில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய கிரயப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்குகிறது. செத்துப்போன இன்னார்கள் நான்கு எல்லையிலும் காவல் நிற்பதும் அதனால்தான். கதவு எண்ணை நம்பாதீர்கள், சர்வே எண்ணையும் பிளாக் எண்ணையும் வைத்துப் பாருங்கள். அதைவிட, பார்வையிடும் நாளில் வங்கி ஆளோடு போய், அவர் கை காட்டும் கதவின் முன்னால் நின்று பாருங்கள். அதற்கு நான் அரைநாள் விடுப்பு போட்டிருந்தால் போதும்.

புது எண் 19 இரண்டு மாடிக் கட்டடம். படிக்கட்டுச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. முதல் மாடியில் கதவைத் தட்டினேன். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா திறந்தார். "யாரும்மா, பார்சலா?" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் பையிலிருந்து விளம்பரத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. உள்ளே போய், சாமி அலமாரியிலிருந்து ஒரு ரேஷன் கார்டு கவரை எடுத்து வந்தார். அதற்குள் அதே விளம்பரம், என்னுடையதைவிட நேராக வெட்டி, நான்காக மடித்து. "நீதான் எடுத்தியா? உட்காரு" என்றார். மகன் அச்சக மிஷின் வாங்கக் கடன் வாங்கியிருக்கிறார், கோவிட் நேரத்தில் தொழில் படுத்துவிட்டது, வீடு அந்த அம்மா பெயரில். விளம்பரத்தில் 'ஜாமீன்தாரர் மற்றும் அடமானம் கொடுத்தவர்' என்று இருந்த பெயர் அவருடையதுதான். நான் அந்தப் பெயரையும் தாண்டித்தான் போயிருந்தேன். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிளம்பும்போது, "நாங்க கேஸ் போட்டிருக்கோம்மா, பேப்பர்லயே போட்டிருக்கே, பாக்கலியா?" என்றார்.

அந்த எஸ்.ஏ. எண்தான் அது. ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கேட்டபோது ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். கடன் வசூல் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது, எல்லோரும் டிஆர்டி என்பார்கள். வங்கி கடன்காரர் மேல் அங்கே போடும் வழக்கு ஓ.ஏ. வங்கி எடுத்த நடவடிக்கை செல்லாது என்று கடன்காரர் பிரிவு 17-இன் கீழ் போடும் வழக்கு எஸ்.ஏ. வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் போட வேண்டும், போட்டிருந்தார்கள். விளம்பரத்தில் ஓ.ஏ. எண் மட்டும் இருந்தால் வங்கி பணத்துக்காக அங்கேயும் துரத்துகிறது என்று பொருள், வாங்குபவருக்கு அதனால் அவ்வளவு பயமில்லை. எஸ்.ஏ. என்றால் அந்த ஏலத்தின் கழுத்திலேயே கத்தி இருக்கிறது. டபிள்யூ.பி., அதாவது ரிட் மனு, என்று இருந்தால் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். இந்த எண்ணை டிஆர்டி இணையதளத்தில் போட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த தேதி என்ன என்றெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். செலவே இல்லை. பத்து நிமிட வேலை. என் வழக்கில் தீர்ப்பாயம் ஏலத்துக்குத் தடை கொடுக்கவில்லை, ஆனால் விற்பனை வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லியிருந்தது. 'வங்கிக்குத் தெரிந்தவரை வில்லங்கம் இல்லை' என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணை எப்படி மனசாட்சியோடு போட்டார்கள் என்று வழக்கறிஞரிடம் பொங்கினேன். "அதான் போட்டுட்டாங்களே மேடம்" என்றார்.

ஏலத்திலிருந்து விலகிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மீதியைக் கட்டாவிட்டால் கட்டிய கால் பங்கு, அதாவது 10,46,250, வங்கிக்கே போய்விடும். விதி 9(5) அப்படித்தான் சொல்கிறது. வங்கிக்கு உண்மையில் அவ்வளவு நஷ்டம் ஆனதா இல்லையா என்பதெல்லாம் கணக்கில் வராது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கோயம்புத்தூர் சொத்து ஒன்றின் வழக்கில் இதை உறுதி செய்தது. 12 கோடிக்கு மேல் ஏலம் எடுத்து, பாக்கியைக் கட்ட முடியாமல் போன ஒருவரின் 3 கோடிக்கு மேற்பட்ட பணம் வங்கியோடு போனது. அந்தச் செய்தி வந்தபோது நான் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தேன், இருந்தாலும் படித்தபோது வயிறு கலங்கியது. சிவில் கோர்ட்டுக்கும் போக முடியாது, பிரிவு 34 கதவை அடைத்துவிடுகிறது. வங்கி ஏதாவது மறைத்திருந்தால் வாதாட இடம் உண்டு. எனக்கு எதையுமே மறைக்கவில்லை. அதுதான் வலி.

ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. 15 நாள் கெடுவை, வங்கியும் வாங்குபவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் நீட்டலாம், மொத்தம் 3 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் என்பதை இரண்டு தடவை சொல்கிறேன். ஏலம் விட்ட வங்கியின் கிளையில் ஒருவர் "பாத்துக்கலாம் மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்று வாய்வார்த்தையாகத்தான் சொன்னார். வழக்கறிஞர் என்னை உட்கார வைத்துக் கடிதம் எழுதச் சொல்லி, அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி கையெழுத்தோடு பதில் வாங்கிய பிறகுதான் விட்டார். அந்த ஒரு தாள் என் பத்து லட்சத்தைக் காப்பாற்றியது. 35 பவுனுக்கு மேல் அடகு வைத்து 12 லட்சம் புரட்டினேன், கல்யாணத்தில் போட்டது, அம்மாவுடையது, மகனுடைய அரைஞாண் வரைக்கும். அண்ணன் கொடுத்தது, கணவரின் சேமிப்பு, அங்கே நண்பர்களிடம் வாங்கியது என்று கெடு முடிவதற்குள் ஜூனில் கடைசி ரூபாயைக் கட்டினோம். ஜூலையில் விற்பனைச் சான்று கைக்கு வந்தது. 41,85,000 ரூபாய் வீட்டுக்கு நான் சொந்தக்காரி, அயனாவரத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு.

அடுத்த வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை, காத்திருந்தேன். பிரிவு 14 மனுவை 30 நாளில், நீட்டினாலும் 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அது வழிகாட்டும் கெடுதான் என்று வழக்கறிஞர் சொன்னார். அந்த 'தான்'-க்குள் என் ஆறு மாதம் போனது. 2024 ஜனவரியில் உத்தரவு வந்து, வீட்டை எடுத்து வங்கியிடம் ஒப்படைக்க அட்வகேட் கமிஷனர் என்று ஒரு வக்கீல் நியமிக்கப்பட்டார். முதல் தடவை போனபோது பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை, பேரனுக்குப் பரீட்சை என்று அவகாசம் கேட்டார்கள், அன்றைக்கு வீட்டை எடுக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். வழக்கறிஞருக்குக் கோபம். இடையில் எஸ்.ஏ. தள்ளுபடி ஆனது. மேல்முறையீடு போக வேண்டுமென்றால் வங்கி கேட்கும் தொகையில் பாதியை, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனது வைத்தால் கால்பங்கையாவது, முதலில் கட்ட வேண்டும். அவர்களிடம் அது இல்லை. ஆகஸ்டில் சாவி வந்தது. அந்த அம்மா நான் வரும் நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தார். வீட்டைப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்.

இனி சித்தர் பாட்டு. 'எப்படி உள்ளதோ அப்படியே' என்பதன் அர்த்தம் சாவி வந்த வாரத்தில் ஒவ்வொரு ரசீதாகப் புரிந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டேனே என்று தைரியமாக இருந்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் அதைக் கட்டணமில்லாமலே பார்க்கலாம், நிச்சயம் பாருங்கள். ஆனால் அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும். சொத்துவரி பாக்கி அதில் வராது. குடிநீர், கழிவுநீர் பாக்கி வராது. கரண்ட் பில் வராது. குடியிருப்போர் சங்கத்துக்கு நாலு வருடமாகக் கட்டாத பராமரிப்புத் தொகை வரவே வராது. எல்லாம் வீட்டோடு சேர்ந்து என் தலையில் வந்தது. பழைய சொந்தக்காரரின் மின்பாக்கிக்கு நான் ஏன் பொறுப்பு என்று மின் வாரிய அலுவலகத்தில் சண்டை போடலாம் என்று கிளம்பினேன். வழக்கறிஞர் தடுத்தார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏலத்தில் வாங்குபவர்களின் வழக்குகளை ஒன்றாக எடுத்து, விதிகளில் இடமிருந்தால் புது இணைப்புக்குப் பழைய பாக்கியைக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது, 'எப்படி உள்ளதோ அப்படியே' என்று வாங்கியவர் விசாரித்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. ஏலத்துக்கு முன் அந்தக் கட்டடத்துச் சங்கச் செயலாளரிடம் ஒரு தடவை பேசினாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். அவர்களுக்கு யார் எவ்வளவு பாக்கி என்பது மனப்பாடம்.

கணக்குப் பிரிவுக்காரி என்பதால் கூட்டி வைத்திருக்கிறேன். 17 மாத வாடகை 2,38,000. நகைக்கடன் வட்டி 1,52,000. வழக்கறிஞருக்கும் கமிஷனர் செலவுக்கும் 85,000. சங்கப் பாக்கி 1,34,000. சொத்துவரி 31,000. குடிநீர் வாரியம் 22,000. கரண்ட் 18,700. வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது, பத்திரச் செலவு எல்லாம் இதில் இல்லை, அவை எந்த வீட்டுக்கும் வரும். வழக்கு நடக்கும்போது மகன் பத்தாம் வகுப்பு. அவன் கணக்கில் எடுத்த மார்க்கை நான் இதில் எழுதவில்லை. கணவர் அந்த வருடம் ஊருக்கு வரவில்லை, டிக்கெட் பணத்தையும் கடனுக்கு அடைத்தோம். 55 லட்சத்து வீட்டை 48 லட்சத்துச் சொச்சத்துக்கு வாங்கியிருக்கிறாயே, லாபம்தானே என்று அண்ணன் சொல்கிறான். கணக்குப்படி சரி. அவன் அந்த வீட்டுச் சாமி அலமாரியில் விளக்கேற்றிப் பார்த்ததில்லை.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். நான் படித்தது தமிழ் விளம்பரம். இந்த அறிவிப்புகளை இரண்டு முன்னணிப் பேப்பர்களில், ஒன்று அந்தந்த ஊர் மொழியில் போட வேண்டும் என்பது விதி. தமிழில் வருவது ஆங்கிலத்தை அவசரத்தில் பெயர்த்தது. கடைசியில், மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கிலம்தான் செல்லும் என்று ஒரு வரி இருக்கும், என்னுடையதிலும் இருந்தது. 'அடையாளச் சுவாதீனம்' என்பதை நான் 'அடையாளம் காட்டி ஒப்படைப்பார்கள்' என்கிற மாதிரி ஏதோ நினைத்துக்கொண்டதை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முழு நிபந்தனைகளும் பேப்பரில் இருக்காது, ஏல இணையதளத்தில் தனி ஆவணமாக இருக்கும், அதையும் இறக்கிப் படியுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், சில ஆயிரம் கொடுத்து டிஆர்டி பக்கம் வழக்கு நடத்தும் ஒருவரிடம் காட்டுங்கள். சொத்துப் பத்திரம் பார்க்கும் வக்கீலும் இவரும் வேறு வேறு. நான் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டத்தான் செய்தேன், பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர். பத்திரங்கள் சுத்தம் என்றார். அது உண்மைதான், பத்திரங்கள் சுத்தமாகத்தான் இருந்தன.

அலுவலகத்தில் இப்போது யாருக்காவது ஏல விளம்பரம் கிடைத்தால் என் மேசைக்கு வருகிறது. போன மாதம் டிஸ்பாட்ச் பிரிவுப் பையன் ஒன்றை வெட்டி எடுத்து வந்தான். கொளத்தூர், 650 சதுர அடி. "அக்கா, ரேட் சூப்பரா இருக்கு, பாருங்களேன்" என்றான். தேதிகளைக் கழித்தேன், 16 நாள். சுவாதீனம், அடையாளம். எஸ்.ஏ. எண்ணைத் தேடினேன், இல்லை. கதவு எண் 7 என்று மட்டும் இருந்தது.

"போய்ப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. வெளியிலேர்ந்து. நல்லா இருந்துச்சு."

"பழைய ஏழா, புது ஏழா?" என்றேன்.